பாடங்களை இணைக்கும் பாடத்தொகுப்பு: எல்லாப் பாடமும் கற்கிறார்களா, எதையுமே கற்காமல் போகிறார்களா?

கோலும்நிழலும்:
ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு பாடத்தொகுப்பு தயாரித்து வருகிறேன். மையப் பொருள், பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ்; அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாளில், எகிப்தின் தெற்கே சையீன் நகரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்றது. அதே நேரத்தில் வடக்கே அலெக்சாந்திரியாவில் செங்குத்தாக நின்ற கோலுக்கு நிழல் விழுந்தது. நிழல் காட்டிய கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. இரு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அக்காலக் கிரேக்க நீள அளவு) என்று கொண்டு, அதை ஐம்பதால் பெருக்கி, பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா என்றார்.

கோணமும் விகிதமும் கணக்கு. சூரியனின் உயரமும் அட்சரேகையும் புவியியல். அலெக்சாந்திரியா நூலகத்தின் கதை வரலாறு. செய்முறையைப் படிப்படியாக எழுதுவது மொழிப்பாடம். ஒரே பொருளில் நான்கு பாடங்களும் இயல்பாக அமைகின்றன. பாட ஆசிரியர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பலகை:
என் கேள்வி ஒன்றுதான். இதில் கணக்கு எந்த நிமிடத்தில் கற்பிக்கப்படுகிறது? நிழலின் கோணமும் பூமியின் மையத்தில் உண்டாகும் கோணமும் சமம் என்பதுதான் இந்த வேலையின் உயிர். அதற்கு இணைகோடுகளும் ஒன்றுவிட்ட கோணங்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை தெரியாது என்றால் பயிற்சித்தாள் என்ன சொல்லும்? ‘இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்க’ என்று சொல்லும். அதன் பிறகு மிஞ்சுவது ஐம்பதால் பெருக்குவது மட்டுமே. அதற்கு எரட்டோஸ்தனீஸ் தேவையில்லை.

இப்படிப்பட்ட தொகுப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கணக்குதான் முதலில் கரைகிறது. விகிதத்துக்கு ஒதுக்கிய பாடவேளைகள் சுவரொட்டிக்கு வண்ணம் தீட்டுவதில் போய்விடுகின்றன. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் என் வகுப்புக்கு வரும்போது நூலகத்தின் பெயர் நினைவிருக்கிறது, விகிதம் நினைவில்லை.

கோலும்நிழலும்:
ஐயா, பெருக்கலோடு நிற்பதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. பயிற்சித்தாளில் உள்ளதைச் சொல்கிறேன். கோல் 100 செ.மீ., நிழல் 12.6 செ.மீ. என்று அளவு தரப்படுகிறது. மாணவர் 10 செ.மீ. செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் 1.26 செ.மீ. கிடைக்கோடு வரைந்து, நுனிகளை இணைத்து, மேல்முனைக் கோணத்தைப் பாகைமானியால் அளக்கிறார். ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவை 800 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 7.2 பாகைக்கு விடை 40,000 கி.மீ. பக்கத்தில் இருப்பவர் ஒரு பாகை கூடுதலாக, 8.2 என்று அளந்தால் 35,000 கி.மீ. அளவில்தான் வரும். ஒரே படம், ஒரே கோல், விடையில் ஏறத்தாழ 5,000 கி.மீ. வேறுபாடு. ஏன் என்று வகுப்பே கேட்கும். கோணம் கூடினால் சுற்றளவு ஏன் குறைகிறது என்பதும் அங்கேயே எழும். எதிர்விகிதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை. அளவைப் பிழை என்பதைத் தனிப் பாடமாக நடத்தினால் யார் கவனிப்பார்கள்?

காலவரிசை:
கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நான் வரலாறு நடத்துகிறேன், என் வருத்தம் வேறு. இணைப்புப் பாடங்களில் வரலாறு முன்னுரைக் கதையாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் தவறான கதையாக. எரட்டோஸ்தனீஸ் பற்றிய தாள்களின் ஓரத்தில் ‘கொலம்பஸ் காலம் வரை பூமி தட்டை என்று நம்பினார்கள்’ என்ற பெட்டிச்செய்தி அடிக்கடி தென்படும். கற்றறிந்தவர்கள் பூமி உருண்டை என்பதைப் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். கொலம்பஸை எதிர்த்தவர்கள் பூமியின் அளவைப் பற்றித்தான் வாதிட்டார்கள், அதில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அவர் பூமியை மிகச் சிறிதாகக் கணக்கிட்டிருந்தார்.

இன்னொன்று, 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலரா. மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகள் நிகழ்ந்த இடங்களைக் குறித்து வரைபடம் வரைந்தார், நோய் தண்ணீரால் பரவுகிறது என்றார், பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது, நோய் நின்றது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8ஆம் தேதி. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கிவிட்டது, மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறியிருந்தார்கள் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். ‘இதனால்தான் அது நின்றது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்கப் பழக்குவதுதான் வரலாற்று ஆசிரியரின் வேலை. அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு எதனுடன் இணைக்கிறீர்கள்?

எல்லாப்பாடமும்:
காலவரிசை அம்மா, நீங்கள் சொன்ன ஸ்னோவையே நான் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் நடத்துபவள் நான். அடிகுழாய்க்கு அருகில் ஓர் ஏழையர் விடுதி இருந்தது. 535 பேர் தங்கியிருந்தார்கள், காலராவால் இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டும். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து மதுவடிசாலைத் தொழிலாளர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை, தப்பினார்கள். ‘ஐந்து என்பது நிறையவா குறைவா?’ என்று கேட்டதும் பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். எத்தனை பேரில் ஐந்து என்று ஒரு சிறுமி கேட்ட பிறகுதான் சண்டை ஓய்ந்தது. நூறுக்கு ஒன்று கூட இல்லை என்று அவர்களே கண்டார்கள். வரலாற்றுச் சான்றை எடைபோட அங்கே கணக்கு தேவைப்பட்டது. இதில் எந்தப் பாடம் கரைந்தது?

மோசமான தொகுப்புகள் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை என்று காட்டுவது அதில் முதலிடம். நுரை வருவது அமிலமும் காரமும் வினைபுரிவதால். எரிமலை சீறுவது, பாறைக்குழம்பு மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருந்த வாயுக்கள் விரிவதால். வேதியியலும் இல்லை, புவியியலும் இல்லை, பிள்ளைகள் தவறான காரணத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கணக்குப்பலகை:
அம்மா, உங்கள் வகுப்பில் நடந்தது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் உற்றுப் பாருங்கள். ‘எத்தனை பேரில்’ என்று கேட்ட சிறுமிக்குப் பின்னம் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அவள் பயன்படுத்தினாள். கற்பிப்பது வேறு, கற்றதைப் பயன்படுத்த வாய்ப்புத் தருவது வேறு. பின்னம் பிடிபடாத பிள்ளை அந்தச் சண்டையில் என்ன செய்தது? யாரோ சொன்ன விடைக்குத் தலையாட்டியிருக்கும். குழு வேலையில் இந்தப் பிள்ளைகள்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். என் கோபமெல்லாம் அவர்களுக்காகத்தான்.

எல்லாப்பாடமும்:
தனிப் பாடவேளையிலும் அவர்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஐயா. பத்துக் கணக்கும் ஒரே மாதிரி இருப்பதால் பார்த்து எழுதி முடிக்கிறார்கள், நமக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒரு சூழலில் வைத்தால்தான் யாருக்குப் பிடிபடவில்லை என்பது வெளியே வருகிறது. பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு ஒரு பல்துறைத் தொகுதியாவது இருக்க வேண்டும் என்கிறது.

காலவரிசை:
அதே கலைத்திட்டத்தில் தனித்தனிப் பாடங்களும் அப்படியே இருக்கின்றன. பின்லாந்து பாடங்களையே ஒழித்துவிட்டது என்று பரவிய செய்தி தவறு. ஆண்டுக்கு ஒன்று என்ற அளவு எனக்கு ஏற்புடையது. மாதந்தோறும் ஒன்று என்றால் எதிர்ப்பேன்.

கோலும்நிழலும்:
தொகுப்பின் முதல் பக்கத்தில் முன்தேவைகளை எழுதப் போகிறேன்: பாகைமானியால் அளத்தல், விகிதம், இணைகோடுகள். இவை முடியாமல் தொடங்க வேண்டாம் என்று தெளிவாகவே இருக்கும். அப்படியானால் ஆறாம் வகுப்புக்கு இது பொருந்தாது, ஏழிலும் எட்டிலும் வைக்கிறேன். இணைகோட்டுப் படத்தையும் அச்சிட்டுத் தரமாட்டேன், மாணவரே வரையட்டும். ஆனால் எழுத்து வேலையை விடுவதாக இல்லை. தன் விடை ஏன் 40,000 ஆக வரவில்லை என்று ஒரு பக்கம் எழுதுகிற பிள்ளை கணக்கைத்தான் செய்கிறது.

கணக்குப்பலகை:
அந்தப் பக்கத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? மொழி ஆசிரியர் நடையைப் பார்ப்பார், நான் காரணத்தைப் பார்ப்பேன். ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினால் அழகாக எழுதத் தெரிந்தவர் கணக்கிலும் தேறிவிடுவார். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு மதிப்பெண்கள், இரண்டு தனித் தாள்கள் என்று இருந்தால் என் எட்டாம் வகுப்பில் நடத்திப் பார்க்கச் சம்மதம். விகிதத்துக்கான பாடவேளைகளில் ஒன்றைக்கூடத் தரமாட்டேன். செயல்திட்ட நேரத்தில் நடக்கட்டும்.

கோலும்நிழலும்:
இரண்டு மதிப்பெண்களுக்குச் சரி. நேரத்தைப் பற்றி உடன்பாடில்லை. செயல்திட்ட நேரத்துக்குத் தள்ளினால் மறுபடி வண்ணம் தீட்டுவதில்தான் போய் முடியும். ஒரு கணக்குப் பாடவேளையாவது வேண்டும், அதை நீங்களே நடத்த வேண்டும்.