நேரலையில் அரசியல் வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மற்ற சமுதாய வானொலித் தொகுப்பாளர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் சமுதாய வானொலியில் மாலை நேரத் தொலைபேசி நிகழ்ச்சியை நடத்துகிறேன். குடிநீர், மின்தடை, ரேஷன் கடை, பேருந்து நேரம் என்று ஊர் விஷயம் பேசத்தான் நேயர்களை அழைக்கிறோம். ஆனால் "எங்க தெருவுக்குத் தண்ணி வரல" என்று ஆரம்பிக்கும் அண்ணன், அடுத்த மூச்சிலேயே கவுன்சிலரின் கட்சிக்குப் போய்விடுகிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தண்ணீரும் அரசியல்தானே!

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். சமுதாய வானொலிகளுக்கான மத்திய அரசின் நெறிமுறைப்படி அரசியல் சார்ந்த நடப்பு விவகாரங்களை நாம் ஒலிபரப்பக் கூடாது. குடிநீர், மின்சாரம், வானிலை பற்றிய பொது அறிவிப்புகளுக்குத் தடையில்லை. கோடு எங்கே என்பதுதான் சிக்கல். "மோட்டார் ஓடல" என்றால் சரி. "அந்தக் கட்சிக்காரர் வார்டுக்கு மட்டும் ஓடுது" என்றால்?

அப்படிப்பட்ட பேச்சை ஒலிபரப்பாகும் முன்பே வெட்ட, நேரலையைச் சில விநாடிகள் தாமதித்து அனுப்பும் ஏற்பாடு யாரிடமாவது இருக்கிறதா? இலவச மென்பொருளில் முடியுமா? எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஆடியோ மிக்சரும் லேப்டாப்பும்தான்.

அப்புறம், பேசுபவர் மனம் நோகாமல் பேச்சைத் திருப்ப என்ன சொல்வீர்கள்? போனைத் துண்டித்தால் மறுநாள் டீக்கடையில், "யார் சொல்லி கட் பண்ணீங்க?" என்று கேட்கிறார்கள். நேரலையை விட்டு, முழுக்க முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்புவதற்கு மாறலாம் என்று நிலையத்தில் ஒரு பேச்சு. எனக்கு அதில் மனமில்லை, தன் குரல் அந்த நேரமே ஒலிக்கும் என்றுதான் பலரும் அழைக்கிறார்கள்.

உள்ளாட்சித் தேர்தல் காலத்தில் நிகழ்ச்சி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தொகுப்பாளர்களுக்கென்று குறிப்புத்தாள் வைத்திருந்தால் அதையும் இங்கே பகிருங்கள்.