ரெகுலேட்டருக்குத் தமிழ்: சீராக்கியா, ஒழுங்கியா, மதகா?

பட்டறை வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குச் செய்முறைத் தாள் ஒன்று தயாராகிறது. எண்பதுகளில் வந்த ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவரின் பவர் சப்ளை போர்டைச் சோதிப்பது பாடம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வோல்டேஜ் ரெகுலேட்டர் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ரெகுலேட்டர் என்றே விட்டுவிடலாம்தான். ஆனால் 7812 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் சிப்பைக் கையில் கொடுத்தால் பையன்கள், "சார், திருகுற குமிழ் எங்கே?" என்கிறார்கள். அவர்களுக்கு ரெகுலேட்டர் என்றால் ஃபேன் ரெகுலேட்டர், வேகத்தைக் குறைப்பது. இதுவோ உள்ளே 16 வோல்ட் வந்தாலும் 20 வந்தாலும் வெளியே 12-ஐ விடாமல் பிடித்து வைப்பது. தாளில் வரும் வரி இது: "உள்ளீட்டுக் காலில் 14.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்து, வெளியீடு 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் நின்றால் ______ நல்லது." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

நன்னூலடியான் எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? சீராக்கி. சீர் + ஆக்கு + இ. மூன்றும் தமிழ், மூன்றும் எளிமை.

பருத்தித்துறையான் எழுதியது:

ஐயா, சீராக்கி வேண்டாம். எங்கள் பக்கம் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரைத்தான் சீராக்கி என்று படித்தோம். அரை அலைச் சீராக்கம், முழு அலைச் சீராக்கம் என்று பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். அதே போர்டில் நாலு இருவாயி (டையோடு) சேர்ந்த பாலமும் சீராக்கி, அதற்கு அடுத்து நிற்கிற மூன்று கால் சாமானும் சீராக்கி என்றால் படிக்கிற பிள்ளை எதில் மீற்றரை வைப்பது?

நன்னூலடியான் எழுதியது:

தமிழ்நாட்டுப் பாடநூலில் ரெக்டிஃபயர் அலைதிருத்தி ஆயிற்றே. தாள் இங்கேதானே அச்சாகிறது? இருந்தாலும் ஒன்றை நானே ஒத்துக்கொள்கிறேன். இகர விகுதி எப்போதும் செய்பவனைக் குறிப்பதில்லை. 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்ற குறளில் ஊருணி உண்பதில்லை, ஊரால் உண்ணப்படுகிறது. செயப்படுபொருள் விகுதி. அப்படிப் பார்த்தால் சீராக்கி என்பது சீராக்கப்பட்ட மின்சாரத்தையும் குறிக்கலாம். அலரி, ஆணி, கொல்லி எல்லாவற்றையும் வைத்து இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

தனி மடலிலேயே எழுதுங்கள் ஐயா, கோடி புண்ணியம்.

வாத்தியார், பெயர் எதுவானாலும் சரி, எதிர் 12 வோல்ட் தரும் ஜோடி, 7912-ஐ விட்டுவிடாதீர்கள். 7812-இல் கால் வரிசை உள்ளீடு, தரை, வெளியீடு. முதுகுத் தகடு தரையோடு சேர்ந்தது. 7912-இல் வரிசை தரை, உள்ளீடு, வெளியீடு. தகடு உள்ளீட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் முடுக்கினால் எதிர்மின் சப்ளை தரையோடு ஷார்ட். முதலில் ஸீரிஸ் லாம்பில், அதாவது மெயின்ஸ் வழியில் ஒரு பல்பைத் தொடராக வைத்து, போடச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் யாரும் ஃபியூஸைப் போக்கியதில்லை, தகடு தெரியாமல் போக்கியவர்கள் உண்டு.

கடைமடை எழுதியது:

நான் எலெக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை, பாசனத்தில் வேலை பார்த்தவன். எங்கள் ரெகுலேட்டர் ஆற்றில் இருக்கிறது. அதற்கு நீரொழுங்கி என்று பெயர்ப்பலகையே உண்டு. அதைப் பார்த்து அழுத்த ஒழுங்கி என்று வைக்கலாமே?

இன்னொன்றும் தோன்றுகிறது. ஏரியில் மதகு வேறு, கலிங்கு வேறு. மதகு வேண்டிய அளவு மட்டும் விட்டு மிச்சத்தை உள்ளேயே நிறுத்தும். கலிங்கு மட்டத்துக்கு மேல் வருவதை வழியவிட்டு மட்டத்தைக் காக்கும். உங்கள் சாமான் இதில் எந்த வகை?

ஈயப்பற்று எழுதியது:

அண்ணே, அருமை! இரண்டும் இருக்கிறது. செனர் டையோடு கலிங்கு. தன் மட்டத்துக்கு மேல் வருவதைத் தன் வழியே தரைக்கு விட்டுவிடும். மதகு, வழியில் நிற்கிற பவர் டிரான்சிஸ்டர். பழைய ரிசீவர்களில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தேதான் கட்டியிருப்பார்கள். டிரான்சிஸ்டரின் ஏற்பானும் (கலெக்டர்) உமிழ்ப்பானும் (எமிட்டர்) உள்ளே ஒட்டிப்போனால் உள்ளே வரும் வோல்ட் முழுசும் வெளியே வந்துவிடும், மதகு உடைந்த கதை. செனர் ஷார்ட் ஆனால் வெளியே ஏறக்குறைய ஒன்றுமிருக்காது. செனர் திறந்துகொண்டால் வெளியீடு ஏறிவிடும். பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் வோல்ட்டைப் பார்த்தே எது போயிற்று என்று சொல்லிவிடுவார்கள்.

நன்னூலடியான் எழுதியது:

மின்மதகு! நல்ல சொல். ஒழுங்கிதான் இடிக்கிறது. ஒழுங்கு பெயர்ச்சொல். அதில் வினை எங்கே இருக்கிறது, இகரம் ஒட்டுவதற்கு? ஒழுங்கே ஒழுகு என்பதிலிருந்து வந்ததுதான். நேராக ஒழுகுவது ஒழுக்கம், அதன் வழியே ஒழுங்கு.

ஈயப்பற்று எழுதியது:

ஒழுகுகிற டிரான்சிஸ்டரை நாங்கள் லீக் என்று தூக்கிப் போடுகிறோம்.

பருத்தித்துறையான் எழுதியது:

உமிழ்ப்பான் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. எங்களுக்கு அது காலி. கால்தல் என்றால் உமிழ்தல், நல்ல பழந்தமிழ். உங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

ஈயப்பற்று எழுதியது:

"காலியைச் சோதி" என்று தாளில் போட்டால் பையன் காலி டப்பாவைத்தான் தேடுவான். திரிதடையமும் வேண்டாம், டிரான்சிஸ்டர் தமிழாகி ரொம்ப நாளாயிற்று.

சோதனையை நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் என்றால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை அடிவாயில் (பேஸ்) வை. கறுப்பு முனையை மற்ற இரண்டு காலிலும் தொட்டால் 0.6 சொச்சம் வரும். உமிழ்ப்பான் பக்கம் ஒரு இழை கூடுதலாக இருக்கும். முனையை மாற்றினால் ஒன்றும் வரக்கூடாது. ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் நடுவில் எப்படி வைத்தாலும் வரக்கூடாது, பீப் கேட்டால் ஆள் போய்விட்டார். போர்டிலேயே வைத்துப் பார்த்தால் பக்கத்து ரெசிஸ்டர் வழியாக மீட்டர் பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் இரண்டு காலைத் தூக்கிவிட்டுப் பார். மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை இறக்காமல் எதையும் தொடாதே.

பட்டறை வாத்தியார் எழுதியது:

நன்றி. நாளை அச்சு. மின்மதகு எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் பையனுக்கு உதவாது. நிலைப்படுத்தி என்று ஒருவர் தனி மடலில் எழுதினார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசர் நினைவுக்கு வருகிறது. எனவே முதல் முறை 'மின்னழுத்த ஒழுங்கி, அதாவது ரெகுலேட்டர்' என்றும், பிறகு ஒழுங்கி என்றும் போடுகிறேன். மதகும் கலிங்கும் பெட்டிச் செய்தியாக வருகின்றன. காலி வரவில்லை, பருத்தித்துறையார் மன்னிக்கவும்.

பருத்தித்துறையான் எழுதியது:

பரவாயில்லை. சீராக்கியும் வரவில்லையே, அது போதும்.

நன்னூலடியான் எழுதியது:

ஒழுங்கிக்கு என் இசைவு இல்லை என்பது பதிவாகட்டும். எல்எம்317 என்ற ரெகுலேட்டரில் வெளியீட்டை 1.25 வோல்ட்டிலிருந்து 37 வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அங்கே ஒழுங்கு நம்முடையதா, அதனுடையதா? ஊருணி மடல் பாதி எழுதியாயிற்று.