மூன்று வருடமாக பிரஷ்ஷைத் தொடவில்லை. விமான மாடல் செய்யும் ஆசையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

சேலையூர் 72:

வணக்கம். எனக்கு 51 வயது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் கிரண் விமானங்களின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன். ஒன்பதாம் வகுப்பு லீவில் துபாய் மாமா ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம், பிளாஸ்டிக் பாகங்களை நாமே ஒட்டிச் செய்ய வேண்டும். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்கு. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை பதினைந்தரை சென்டிமீட்டர்தான். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கிய சின்ன எனாமல் டப்பாக்களையும் பள்ளி ஓவிய வகுப்பு பிரஷ்ஷையும் வைத்து அடித்தேன். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பச்சைதான் கிடைத்தது. அன்று இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

அதற்கப்புறம் நாற்பது மாடல்களுக்கு மேல் செய்துவிட்டேன். எல்லாமே கையால் பெயிண்ட் அடித்தவை. நான்கு வருடங்களுக்கு முன்பு, இனி ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, காற்றழுத்தத்தில் பெயிண்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷும் அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரும் வாங்கினேன். அங்கிருந்துதான் ஏதோ மாறிப்போனது. இருபது நிமிடம் அடித்தால் நாற்பது நிமிடம் ஊசியைக் கழற்றிக் கழுவ வேண்டும். மதியம் அம்மா தூங்குவார், மாலையில் மகள் படிப்பாள், கம்ப்ரசரைப் போட நேரமே இல்லை. கூடவே போனில் மற்றவர்கள் செய்த மாடல்களைப் பார்க்கும் பழக்கமும் வந்தது. என் அலமாரியைத் திரும்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் பிரஷ் கோடு மட்டும்தான் தெரிந்தது.

கடைசியாகச் செய்தது ஒரு மிக் 21 போர் விமானம். விமானி அறையின் கண்ணாடி மூடியை உடனடிப் பசையால் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது. பெட்டியோடு பரணில் ஏற்றினேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. பிரிக்காத பெட்டிகள் 23 இருக்கின்றன.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக் 21க்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்தோம். 1963இல் வந்த விமானம், 62 வருடச் சேவை. "நீங்களும் ஒண்ணு செஞ்சீங்களேப்பா, அது எங்கே?" என்று மகள் கேட்டாள். இறக்கிப் பார்த்தேன். கை போகவில்லை. திரும்ப ஏற்றிவிட்டேன்.

இப்படி விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏர்பிரஷ்ஷை விற்றுவிட்டுப் பழையபடி கையால் அடித்தால் போதுமா? எதிலிருந்து தொடங்கலாம்?


பழைய ஃபிட்டர், கோவை:

தம்பி, விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிஜ விமானத்தின் மேல் ஏறி நின்று வேலை பார்த்திருக்கிறேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்து பெயிண்ட் போயிருக்கும். பேனலை மாற்றினால் புதுத் தகடு ஒரு நிறம், பக்கத்துத் தகடு வேறு நிறம். அவசரத்துக்கு பிரஷ்ஷால் தொட்டு விட்ட இடங்களும் உண்டு. அலமாரி ஷோகேஸில் இருக்கிற மாதிரி ஒரே சீரான விமானத்தை நான் லைனில் பார்த்ததே இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். 1944 ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, அவர்களுடைய பல விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தன, படத்தில் பார்த்திருப்பாய். முந்தின வருடம் சிசிலியில் சொந்தக் கப்பல்களே சொந்த விமானங்களைச் சுட்டு வீழ்த்திய கொடுமை நடந்தது. அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் இந்த அடையாளம். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பதால், இறங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் பட்டை போட ஆரம்பித்தார்கள். அத்தனை விமானங்களுக்கும் தரைப் பணியாளர்கள் கையில் கிடைத்த பிரஷ்ஷை எடுத்து அடித்தார்கள். அன்றைய புகைப்படங்களைப் பார், பல விமானங்களில் ஓரங்கள் கோணிக் கோணித்தான் இருக்கும். ரஷ்யப் பனிக்காலத்தில் பச்சை விமானத்தின் மேல் தற்காலிக வெள்ளை அடித்ததும் அப்படித்தான். பொங்கலுக்கு நாம் சுவருக்கு வெள்ளையடிக்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலை.

அதனால் உன் 23 பெட்டியில் ஒரு ஸ்பிட்ஃபயரோ, அதே போரில் பறந்த டைஃபூனோ இருந்தால் அதை எடு. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டையின் அகலம் 18 அங்குலம். 72ஆல் வகுத்தால் சரியாகக் கால் அங்குலம். மாஸ்கிங் டேப் வேண்டாம். பென்சிலால் கோடு போட்டுக் கையாலேயே அடி. அந்தப் பட்டையில் பிரஷ் கோடு தெரிந்தால் அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மற்ற இடங்களுக்கு இது பொருந்தாது. தொழிற்சாலையில் ஸ்பிரே செய்த உடம்பில் கோடு தெரியக் கூடாது, அங்கே பொறுமை வேண்டும்.


தேக்கா மாடல் மேசை, சிங்கப்பூர்:

அண்ணா, நான் இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டரை வருடம் விட்டிருந்தேன். திரும்பி வந்தது ஒரு சக்கரத்தால். முழு விமானம் என்று நினைத்தாலே அலுப்பு வந்ததால், சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, ஒரு கிட்டின் மூன்று சக்கரங்களுக்கு மட்டும் டயர் கறுப்பு அடித்தேன். முழுக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் சாம்பல் கலந்தால்தான் ரப்பர் மாதிரி தெரியும். இருபது நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் தானாகவே உட்கார்ந்தேன்.

கையால் அடிப்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. அப்புறம் பெயிண்ட்டின் பதம். தோசை மாவு மாதிரி இருந்தால் கோடு விழும், நீர்மோர் மாதிரி இருக்க வேண்டும். அப்படி அடித்தால் முதல் பூச்சு பார்க்கவே சகிக்காது, திட்டுத் திட்டாக அடியில் இருக்கும் நிறம் தெரியும். பலரும் பயந்துபோய் ஈரத்தின் மேலேயே மறுபடி பிரஷ்ஷை இழுப்பது அங்கேதான். இழுக்காதீர்கள். காய விடுங்கள். இரண்டாவது பூச்சைக் குறுக்காக அடியுங்கள். மூன்றாவது, தேவைப்பட்டால் நான்காவது. மூன்றாவதில் நிறம் திடீரென்று ஒன்றாகிவிடும், எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த நிமிடம் அதுதான். எனாமலுக்கு ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு முழு நாளாவது விட வேண்டும்.

அக்ரிலிக் என்றால் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில், தலைக்கு மேல் ஃபேன் ஓடினால், பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். நான் டிபன் பாக்ஸ் மூடியில் ஈர டிஷ்யூவை விரித்து, அதன் மேல் கேக் செய்யும் பேக்கிங் தாளைப் போட்டு, அதில் கலக்குகிறேன். இரண்டு மணி நேரம் காயாது. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் ஸ்பிரேக்கு அருமை, பிரஷ்ஷுக்குக் கஷ்டம். இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும், அதற்குரிய ரிட்டார்டர் இரண்டு சொட்டு சேர்த்தால் கொஞ்சம் அடங்கும். கையால் அடிக்க எனக்கு வலேஹோ கம்பெனி அக்ரிலிக்தான் வசதி. பெரிய பரப்புக்குச் சின்ன பிரஷ் எடுக்காதீர்கள். கால் அங்குலத் தட்டை பிரஷ், மெல்லிய செயற்கை முடி.

போனை மட்டும் வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள் அண்ணா.


மதுரை மாடலர்:

சார், ஏர்பிரஷ்ஷை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கும் கடைசி வார்னிஷுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

மிக் 21 மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய பிளேடை ஓரத்தில் விட்டு மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் புகை மேலோட்டமாகப் படிந்ததுதான். காது குடையும் பட்ஸில் வெள்ளைப் பற்பசையைத் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். திரும்ப ஒட்டும்போது ஃபெவிகால். வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும், புகை வராது.


சேலையூர் 72:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

தேக்கா சகோதரி சொன்னபடி சக்கரத்தில்தான் தொடங்கினேன். பெட்டிகளில் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 9 இருந்தது. முதல் நாள் இரண்டு சக்கரம். இரண்டாம் நாள் விமானியின் இருக்கை. நான்காம் நாள் மணி பார்க்க மறந்துவிட்டேன்.

மேலே சாம்பலும் பச்சையும் மூன்று பூச்சில் முடிந்தன. முதல் பூச்சு முடிந்த இரவு நிஜமாகவே மனம் விட்டுப்போனது. இங்கே படித்திருக்காவிட்டால் அன்றைக்கே பரணில் ஏற்றியிருப்பேன். ஐயா சொன்ன பட்டைகளைக் கால் அங்குலத்துக்குப் பென்சிலால் வரைந்தேன். வெள்ளைக்கு நான்கு பூச்சு தேவைப்பட்டது. கறுப்புக்கு இரண்டு போதும். இறக்கையின் அடியில் ஒரு பட்டை நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. அதைத் திருத்தவில்லை. 1944இல் யாரோ ஒருவர் குனிந்து, கையை மேலே தூக்கி, விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று அடித்திருப்பார். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

டெக்கால், அதாவது சின்னங்களும் எண்களும் உள்ள ஒட்டுப்படம், ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் போட வேண்டும். சொரசொரப்பான பெயிண்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். ஐப்பசி மழை ஈரத்தில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். நேற்று வெயில் வந்தது. மதுரைத் தம்பி சொன்னபடி ஏர்பிரஷ்ஷை அதற்கு மட்டும் எடுத்தேன். கம்ப்ரசர் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மிக் 21 மூடியையும் பிரித்தாயிற்று. பக்கவாட்டில் தெளிந்துவிட்டது. முன்கண்ணாடியின் மூலையில் மட்டும் கொஞ்சம் புகை பாக்கி. மகள் பட்ஸ் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.