இம்பால் - கோஹிமா சண்டை பத்தி நல்ல டாக்குமெண்டரி சொல்லுங்க

மக்களே, ஒரு உதவி. அடுத்து நாம சேர்ந்து பாத்து பேசுறதுக்கு ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் நம்ம வடகிழக்குல மோதின 1944 இம்பால் - கோஹிமா சண்டை பத்தி ஒரு டாக்குமெண்டரி தேடுறேன், எங்க பாத்தாலும் நார்மண்டி, ஸ்டாலின்கிராட் தான் வருது, பர்மா பக்கம் நடந்தத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுறாங்க. கோஹிமால டெபுடி கமிஷனர் பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு படை அந்தப் பக்கம் ஒரு படைன்னு கையெறி குண்டு வீசுற தூரத்துல நின்னு அடிச்சிக்கிட்டாங்க, அத மேப் போட்டு காட்டணும். முக்கியமா சப்ளை விஷயம், ரோடு அடைபட்டதும் இம்பாலுக்கு விமானத்துல தான் எல்லாம் போச்சு, ஜப்பான் தளபதி முடாகுச்சியோட ஆளுங்க பட்டினியோட திரும்பினாங்க, பேச வேண்டியதே அதுல தான் இருக்கு. ஜப்பான் வீரர்கள் பேட்டி இருந்தா ரொம்ப நல்லது, சப்டைட்டில் கண்டிப்பா வேணும். தெரிஞ்சவங்க பேர் மட்டும் போட்டா கூட போதும்.