புதுப்பிப்பு: தம்பியின் சேமலாப நிதி

போன மாதம் எழுதியிருந்தேன்: இலங்கையில், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஒரு விடுதிச் சமையலறையில் தம்பிக்கு ஏழு மாதமாக அரைநாள் வேலை. "பழகுற பொடியனுக்கு ஈபிஎஃப் இல்லை" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். ஈபிஎஃப் என்றால் ஊழியர் சேமலாப நிதி.

சரி, நேற்றுத் தொழில் அலுவலகம் போனோம். சம்பளத் துண்டு ஒன்றும் இல்லை. காசு வாங்கும்போது ஒப்பம் வைத்த சீஆர் கொப்பிப் பக்கத்தைத் தம்பி போனில் படம் எடுத்து வைத்திருந்தான். நல்ல காலம்! அதிகாரி அதைத்தான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவர் சொன்னது: 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் பழகுநர், பகுதிநேரம், தற்காலிகம் என்றெல்லாம் பிரிவு சொல்லி முதலாளி தப்பிக்க வழியில்லை. வேலையின் முதல் நாளிலிருந்தே சம்பளத்தில் முதலாளி 12, தொழிலாளி 8 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும். ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுக்க முதலாளியின் தலையில். அதற்குத் தம்பியின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. மதியம் கொடுக்கும் சோற்றின் பெறுமதியும் இந்தச் சதவீதங்களைப் பார்க்கும் உழைப்பூதியக் கணக்கில் சேருமாம். இதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது, அந்தச் சோற்றைச் சொல்லித்தானே சம்பளத்தைக் குறைத்தார்கள்.

முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம். விசாரணைக்கு இரு பக்கத்தையும் கூப்பிடுவார்கள். அதுவரை தம்பி வேலைக்குப் போகிறான், முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.