நங்கூரத்தில் நிற்கும் கப்பல் 'பயணத்தில்' என்று காட்டுகிறது, விமானம் நடுக்கடலில் மறைகிறது: ஏன்?

எண்ணூர்வாசி:
திருவொற்றியூர் மாடியில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். கப்பல்களைக் காட்டும் மரைன்டிராஃபிக் தளத்தில் பார்த்தால் அதில் ஒன்றுக்கு நிலை 'பயணத்தில்', சேருமிடம் கொழும்பு. விமானங்களைக் காட்டும் பிளைட்ரேடார்24-இல் சென்னை–போர்ட் பிளேர் விமானமும் பாதி வழியில் காணாமல் போகிறது. இவற்றின் சிக்னலைக் கேட்கும் ரிசீவரைச் சொந்தமாக வைத்தால் இது சரியாகுமா? கையில் ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினி இருக்கிறது.

அலைவரிசை:
கப்பல் தன்னைப் பற்றி ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இடத்தையும் வேகத்தையும் ஜிபிஎஸ்ஸில் இருந்து தானாக எடுத்து அனுப்பும். சேருமிடம், வந்துசேரும் நேரம், 'நங்கூரத்தில்' என்கிற நிலை எல்லாம் கப்பல் அதிகாரி கையால் மாற்ற வேண்டியவை. மாற்ற மறந்தால் போன பயணத்தின் கொழும்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்த வரிகளை நம்பாதீர்கள். வேகம் 0.1, 0.2 நாட் என்று இருந்து, தடம் ஒரே இடத்தைச் சுற்றி வில் போல வளைந்தால் கப்பல் நங்கூரத்தில்தான் நிற்கிறது. 'கடைசியாகக் கிடைத்த நேரம்' என்பதையும் பாருங்கள். நங்கூர நிலையில் கருவி 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான் இடத்தை அனுப்பும். நிலையை மாற்றாத கப்பல் நின்றபடியே 10 விநாடிக்கு ஒன்று அனுப்பும்.

விமானம் மறைவது வேறு சங்கதி. விமானம் தன் இடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. எட்டும் தூரம் கி.மீ.யில் = 4.12 × (உங்கள் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம் + எதிர்முனை உயரத்தின் வர்க்கமூலம்), உயரங்கள் மீட்டரில். 12 மீ. மாடிக்கும் 11,000 மீ. உயர விமானத்துக்கும் சுமார் 446 கி.மீ. வரும். போர்ட் பிளேர் 1,360 கி.மீ. தள்ளி. அந்தக் கரையிலும் ரிசீவர் இருந்தாலும் நடுவில் 450 கி.மீ.க்கு மேல் கேட்க ஆளில்லை. அங்கே கோடு தொடர்ந்தால் பெரும்பாலும் அது தளத்தின் கணிப்பு. உங்கள் ரிசீவர் இந்த இடைவெளியை அடைக்காது.

செம்புக்கம்பி:
கப்பலுக்கு அதே கணக்கில், அதன் ஆன்டெனா 30 மீ. உயரத்தில் இருந்தால் 37 கி.மீ. கிடைக்கும். நங்கூரக் கப்பல்களுக்கு அது தாராளம்.

ஏஐஎஸ் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்ல வருது. ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது யூஎஸ்பியில சொருகுற ரேடியோ ரிசீவர், ஏறக்குறைய 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் கேட்கும். கப்பலோட 162-ம் விமானத்தோட 1090-ம் ஒன்னுக்குள்ள அடங்காது, அதனால ஆளுக்கு ஒன்னா ரெண்டு டாங்கிள் வேணும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க: பல டாங்கிள்கள் ஒரே சீரியல் எண்ணோட, 00000001-னு வரும். பை எதை எதுக்கு எடுக்கணும்னு தெரியாம ஒவ்வொரு ரீபூட்டுக்கும் மாத்தி எடுக்கும். ஒன்னை மட்டும் சொருகி, ஆர்டிஎல்_ஈஈப்ராம் கட்டளையில சீரியலை மாத்துங்க, கழட்டிச் சொருகுங்க, அப்புறம் அடுத்தது.

ஆன்டெனாவுக்குக் கடையே தேவையில்ல. 1090-க்கு நடுக்கம்பி 6.9 செ.மீ., அடியில அதே நீளத்துல நாலு கம்பி, 45 டிகிரி கீழே வளைச்சு. ஏஐஎஸ்க்கு அதே வடிவம், 46 செ.மீ. விமானத்துக்கு ரீட்எஸ்பி, கப்பலுக்கு ஏஐஎஸ்-கேட்சர் மென்பொருள். அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் இருக்கட்டும். போன் சார்ஜர் போட்டா வோல்டேஜ் இறங்கி டாங்கிள் அப்பப்போ தொங்கும்.

எண்ணூர்வாசி:
நன்றி. மாடியிலிருந்து அறை வரை 15 மீ. கேபிள். டிஷ் டிவி கேபிள் போதுமா? பக்கத்துக் கட்டடத்தில் செல்போன் டவரும் உண்டு.

செம்புக்கம்பி:
டிஷ் கேபிள், அதாவது ஆர்ஜி-6, நல்லதுதான். கேபிள் 75 ஓம், டாங்கிள் 50 ஓம்னு பொருந்தாததால போறது 0.2 டெசிபெல்கூட இல்ல. 15 மீட்டர்ல 1090-க்குப் பாதி சிக்னல் மிஞ்சும். மெல்லிய ஆர்ஜி-58 போட்டா ஆறுல ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம். அதைவிடச் சிறந்தது, பையையும் டாங்கிளையும் மாடியிலேயே நிழல்ல, தண்ணி புகாத பெட்டிக்குள்ள வச்சு, கீழே நெட்வொர்க் கேபிள் மட்டும் இறக்குறது. கடல் காத்து கனெக்டரைத் தின்னுடும். தன்னோடு தானே ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க.

அலைவரிசை:
டவர்தான் உங்களுக்கு உண்மையான எதிரி. 925–960 மெகாஹெர்ட்ஸில் அது கத்தும்போது டாங்கிள் திணறி, பக்கத்து விமானத்தைக்கூட விட்டுவிடும். விமான ஆன்டெனாவுக்கும் அதன் டாங்கிளுக்கும் நடுவே, 1090-ஐ மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போடுங்கள். பெருக்கியும் வாங்குவதாக இருந்தால் ஃபில்டர் அதற்கு முன்னால் வரட்டும். டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவான கெயினை உச்சத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் விட்டு, செய்தி எண்ணிக்கை எங்கே அதிகமோ அங்கே நிறுத்துங்கள்.

ஒன்று கவனியுங்கள்: காசிமேட்டு ஃபைபர் படகுகளை இதில் தேடாதீர்கள். சர்வதேசப் பயணம் போகும் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், சர்வதேசப் பயணம் போகாத 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும், பயணிகள் கப்பல்களுக்கும்தான் ஏஐஎஸ் சர்வதேச விதிப்படி கட்டாயம். வரைபடத்தில் கடல் காலியாகத் தெரிவதால் அங்கே படகு இல்லை என்று ஆகாது.