6, 7, 8ஆம் வகுப்பு வரலாறு: காலவரிசையில் கடந்துபோவதா, திரும்பத் தொடுவதா?

பாலாற்றங்கரை:
தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 6ஆம் வகுப்புக்குச் சிந்துவெளியும் சங்க காலமும், 7ஆம் வகுப்புக்குப் பிற்காலச் சோழரும் தில்லி சுல்தான்களும் முகலாயரும், 8ஆம் வகுப்புக்கு ஐரோப்பியர் வருகையும் கம்பெனி ஆட்சியும் வைக்கப்பட்டுள்ளன. ஒரு காலத்தை ஒரு வகுப்போடு முடித்துவிட்டு அதன் பக்கம் திரும்பாமலே போவதை நான் ஏற்கவில்லை. கிராம சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்ன குடவோலை முறை 12 வயதுப் பிள்ளையின் மனத்தில் எளிதாகப் பதிகிறது. ஆனால் உறுப்பினராக வருவதற்கு 35 முதல் 70 வரை வயதும், வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறதே, அப்படியானால் வெளியே நின்றவர்கள் யார் என்ற கேள்வியை 8ஆம் வகுப்பில் கேட்டால்தான் விவாதம் சூடுபிடிக்கும். அங்கே அதற்கு இடமில்லை.

வைகைக்கரை:
ஐயா, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபட வேண்டியது எது முன், எது பின் என்பதுதான். அது இல்லாமல் காரணகாரியம் விளங்காது. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் வெடித்த புரட்சியை நான் நடத்தும்போது, சிப்பாய்கள் மீது கம்பெனி திணித்த புதிய தலைப்பாகையை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததையும், அவருடைய மகன்கள் அதே வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததையும் வரிசையாகச் சொன்ன பிறகே, சிப்பாய்கள் கோட்டையில் மைசூரின் புலிக்கொடியை ஏற்றியது ஏன் என்று அவர்களுக்குப் புரிகிறது. சமூக அறிவியல் ஆசிரியர் புவியியலையும் குடிமையியலையும் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கும்போது, சோழர் காலத்துக்குத் திரும்பிச் செல்லப் பாடவேளைக்கு எங்கே போவது?

பாலாற்றங்கரை:
வேலூரைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். காலவரிசையைக் கைவிடச் சொல்லவில்லை. 8ஆம் வகுப்பில் இரண்டு பாடவேளை கேட்கிறேன், அவ்வளவுதான். 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையேனும் பெண்களுக்கு ஒதுக்கியது. குடிமையியல் வகுப்பில் உள்ளாட்சி பற்றிப் பேசும்போது இதன் அருகில் கல்வெட்டின் தகுதி விதிகளை வைத்துப் படித்தால், தனியாக நேரம் தேடவேண்டியதில்லை.

வைகைக்கரை:
அப்படியே செய்தாலும் ஓர் ஆபத்து இருக்கிறது. உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அதன் சபையின் விதிகளையே கல்வெட்டு கூறுகிறது. மற்ற வேளாண் ஊர்களில் இருந்தது 'ஊர்' என்ற வேறு அவை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இன்றைய ஊராட்சியோடு ஒப்பிட்டால், சோழ நாடு முழுவதும் குடவோலையில்தான் நடந்தது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். 7ஆம் வகுப்பிலேயே பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். திரும்பத் தொடுவதென்றால் அந்தப் பிழையைத் திருத்துவதிலிருந்து தொடங்குங்கள், அதற்கு என் பாடவேளை ஒன்றையும் தருகிறேன்.